குளிர்த்தி இல்லாத படம்

எனக்கு மச்சாளைத் தருவதா இல்லையா என்பதை ஒரு படத்தைப் பார்த்துவிட்டுச் சொல்வதாக மாமா ஒத்துக்கொண்டிருந்தார். இதில் சிரிக்க ஒன்றுமில்லை. அவர் வந்து பார்க்கும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை.

வெள்ளைக்காரன் ஆண்ட உலக யுத்தக் காலம். எனக்கு இருபத்து நாலு வயது. புளியந்தீவு டவுனில் ஒரு தகரக் கொட்டகையில் படம் ஓட்டிக்கொண்டிருந்தேன். பின்னால் எஞ்சின் டக்டக்கென்று அடிக்க, கோழிக்கூடு அளவான அறைக்குள் வியர்வையில் குளித்தபடி, ஒரு சின்ன ஓட்டை வழியாக ஊர் முழுவதையும் அழவும் சிரிக்கவும் வைப்பேன். அழவைத்தது நானில்லை, படத்தில் நடித்தவர்கள்தான் என்று யாராவது சொன்னால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

மாமா என் அம்மாவின் மூத்த அண்ணன். செட்டிபாளையத்தில், வாவிக்கும் கடலுக்கும் நடுவே, மாமியின் வளவில் இருந்தார். எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் பெண்ணுக்குத்தான். ஆண் கட்டிக்கொண்டு போய் இருப்பவன். மாமாவின் ஒரே மகள் எனக்கு உரிமை மச்சாள். அவள் பிறந்த நாளிலிருந்தே பேச்சு அப்படித்தான். நான் அரசாங்கக் கச்சேரியில் ஒரு உத்தியோகம் பார்த்திருந்தால் ஒரு தாம்பாளம் வெற்றிலையோடு காரியம் முடிந்திருக்கும். படக்காரனாகப் போனதில் மாமாவின் மனம் கசந்துவிட்டது. அவர் எங்கள் அம்மன் கோயிலில் ஏடு படிப்பவர். ஒவ்வொரு வைகாசியிலும் கோயில் கதவு திறந்த நாளிலிருந்து ஏழு நாள் அம்மனின் காவியத்தை ஓலை ஏட்டைப் பார்த்து ராகத்தோடு படிப்பார். முப்பது வருடமாக எங்கள் ஊருக்கு அம்மன் பிறந்ததும், மாலை சூடியதும், புருஷனைப் பறிகொடுத்ததும், ராசாவிடம் நியாயம் கேட்டதும், நகரத்தை எரித்ததும் மாமாவின் குரலில்தான். அந்தக் குரலுக்கு மருமகனாக, வெள்ளைத் துணியில் பெண்களை ஆடவிட்டுக் காட்டுகிறவன் வரலாமா என்பது அவருடைய கேள்வி.

வெள்ளாண்மை வெட்டி முடிந்த கையோடு ஒருநாள் மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா மெல்லக் கலியாணப் பேச்சை எடுத்தார். மாமா முகட்டைப் பார்த்தார். அப்போது என் வாய் சும்மா இருந்திருக்கலாம். அது எப்போதும் என்னைவிட நாலு அடி முன்னால் போகும் வாய். எங்கள் அம்மனின் கதையைப் படமாக எடுத்திருக்கிறார்கள், அடுத்த மாதம் எங்கள் கொட்டகைக்கு வருகிறது, மாமா படிக்கும் ஏட்டில் இருப்பதுதான் அதிலும் இருக்கிறது, ஒரு எழுத்துப் பிசகாது என்று அடித்துவிட்டேன். அந்தப் படத்தின் நோட்டீசைத் தவிர வேறெதையும் நான் அதுவரை பார்த்திருக்கவில்லை.

மாமா முகட்டை விட்டு என்னைப் பார்த்தார்.

"அப்ப நான் வந்து பாக்குறன். ஏட்டில இரிக்கிற மாதிரியே இரிந்தா நாள் பாப்பம். இல்லாட்டி மனே, மறுகா இந்தக் கதைய என்னட்டக் கதைக்கப்படாது."

படப்பெட்டி ரயிலில் வந்து இறங்கிய அன்றே, கொட்டகையில் ஆளில்லாத பகல் வேளையில் அதைத் தனியாக ஓட்டிப் பார்த்தேன். முதல் சுருளில் எனக்குக் கண் இருட்டியது. எங்கள் காவியத்தில் அம்மன் தாயின் வயிற்றில் பிறக்கவில்லை. ராசாவின் தோட்டத்து மாங்கனியிலிருந்து வந்தவள். படத்தில் மாங்கனியும் இல்லை, மாமரமும் இல்லை, எடுத்த எடுப்பிலேயே கலியாணம். அடுத்து, புருஷனை மயக்கிய ஆட்டக்காரிக்கு ஐந்து பாட்டு. அம்மனுக்கு இரண்டு. இடையிடையே ஒரு குண்டனும் ஒரு ஒல்லிச்சியும் வந்து உலக்கையால் அடித்துக்கொண்டார்கள். அவர்களுக்கும் அம்மனுக்கும் என்ன உறவு என்று கடைசிவரை தெரியவில்லை. முடிவில், நகரம் எரிந்து அடங்கியதும், வானத்திலிருந்து ஒரு விமானம் இறங்குகிறது. அதில் செத்துப்போன புருஷன் பளபளவென்று உட்கார்ந்திருக்கிறான். அம்மன் ஏறி அவன் பக்கத்தில் அமர்ந்து சிரிக்கிறாள். இருவரும் கையசைத்தபடி மேலே போகிறார்கள்.

இதை மாமாவுக்குக் காட்டுவதை விட வாவியில் குதித்து முதலைக்குக் காட்சி கொடுக்கலாம் என்று நினைத்தேன்.

மச்சாளுக்குச் செய்தி அனுப்பினேன். சட்டை தைக்கக் கொடுப்பதாகச் சொல்லிக்கொண்டு அவள் டவுனில் இருந்த என் அக்கா வீட்டுக்கு வந்தாள். அக்காவோடு போய்ப் படத்தையும் பார்த்தாள். திரும்பி வந்து அக்காவின் குசினியில் குந்திக்கொண்டு, தேங்காய் துருவியபடியே, அப்பா எதையெல்லாம் ஏற்கமாட்டார் என்று சொல்லச் சொல்ல, நான் சிகரெட் பெட்டியின் உள்தாளில் எழுதிக்கொண்டேன். அவளுக்கு அந்தக் காவியம் முழுவதும் தண்ணீர்பட்ட பாடு. குண்டனும் ஒல்லிச்சியும் ஏட்டில் இல்லை, வெட்டு. ஆட்டக்காரி ஏட்டில் உண்டு, ஆனால் இப்படி இடுப்பை ஆட்டவில்லை, அவளையும் வெட்டு. விமானம் எங்கள் ஏட்டில் இல்லவே இல்லை, வெட்டு. மாங்கனிக்கு என்ன செய்வது என்று கேட்டேன். அவள் துருவலைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்த பார்வையில், அதுகூடத் தெரியாமல் எதற்குப் படக்காரனானாய் என்ற கேள்வி இருந்தது. அந்தப் பார்வைக்காக நான் மாமரத்தையே பிடுங்கிக்கொண்டு வந்திருப்பேன்.

பிடுங்கியும் வந்தேன். யுத்தக் காலத்தில் பயிர்ச்செய்கையை வளர்க்கச் சொல்லி அரசாங்கம் சின்னச் சின்னப் படங்கள் அனுப்பும். அவற்றைப் பெரிய படத்துக்கு முன்னால் காட்டவேண்டும். அதில் ஒன்று மாங்கன்று நடுவது பற்றியது. அரை நிமிடத்துக்குக் கொத்துக் கொத்தாக மாங்காய் தொங்கும். அந்த அரை நிமிடத்தைக் கத்தரித்து முதல் சுருளின் தலையில் ஒட்டினேன். ஒட்டும் பசைக்கு அழுகின வாழைப்பழத்தின் வாசம். இரண்டு நாள் என் கையெல்லாம் அதே வாசம். வெட்டிய துண்டுகளை அறையின் சுவரில் ஆணி அடித்துத் தொங்கவிட்டேன். எல்லாம் முடிந்ததும் ஒருமுறை ஓட்டிப் பார்த்து, வேறு யாருமில்லாததால் எனக்கு நானே கை தட்டிக்கொண்டேன்.

பங்குனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. பின்னேர ஆட்டத்துக்குச் செட்டிபாளையத்திலிருந்து நாலு தோணியில் ஊரே புறப்பட்டு வந்தது. அம்மனைப் பார்க்கப் போவதாகச் சொன்னார்களே தவிரப் படம் பார்க்க என்று யாரும் சொல்லவில்லை. மூன்று நாளாக ஊரில் யாரும் மீன் காயவைக்கவில்லை, மீன் சமைக்கவில்லை. எல்லோரும் தலை முழுகி, மஞ்சள் நனைத்த சீலையும் வெள்ளை வேட்டியுமாக, வேப்பிலைக் கொத்தோடு கொட்டகை வாசலில் வந்து நின்றார்கள். செருப்புப் போட்டிருந்தவர்கள் கழற்றினார்கள். உள்ளே கதிரைக்கு டிக்கெட் எடுத்தவர்களும் வாங்குப் பலகைக்கு எடுத்தவர்களும் ஒருவர் விடாமல் தரையில் அமர்ந்தார்கள், அம்மனுக்கு முன்னால் உயர இருக்கக்கூடாது என்று. கொட்டகை முதலாளி அந்த வெறும் கதிரைகளைப் பார்த்துக்கொண்டு வாய் திறந்து நின்றார்.

மாமா நடுவில் அமர்ந்தார். மடியில் பட்டுத்துணியில் சுற்றிய ஏடு. பக்கத்தில் வண்ணக்கர், கோயில் காரியங்களைப் பார்க்கும் பெரியவர், மாமாவுக்குச் சாட்சி போல. பெண்கள் பக்கத்தில் மாமியும் மச்சாளும். மச்சாள் என் ஓட்டைப் பக்கம் திரும்பி ஒருமுறை புருவத்தை உயர்த்தினாள். நான் விளக்கை அணைத்தேன்.

மாமரம் வந்தது. பெண்கள் குரவையிட்டார்கள். அந்தக் குரவையில் தகரக் கூரை அதிர்ந்தது. நான் கத்தரித்த இடம் ஒரு கண்சிமிட்டு நேரம் பிந்திவிட்டதை அப்போதுதான் கண்டேன்: மாமரத்துக்குக் கீழே அரைக்காற்சட்டை போட்ட ஒரு வெள்ளைக்காரத் துரை, தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, மாங்காயை அண்ணாந்து பார்த்துப் பல்லைக் காட்டினார். என் உயிர் குதிங்காலுக்கு இறங்கியது. வண்ணக்கர் மாமாவின் காதில் ஏதோ கேட்டார். மாமா பதில் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. பிற்பாடு மச்சாள் சொன்னாள். ராசாவின் தோட்டக்காரனாக இருக்கும் என்றாராம் மாமா, ஏட்டில் தோட்டக்காரன் உண்டாம்.

அதற்குப் பிறகு எனக்குத் தலைகால் புரியவில்லை. ஓட்டை வழியாகப் படத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு மாமாவின் தலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கலியாணத்தில் தலை ஆடியது. புருஷன் பட்டு உடுத்தி ஒரு கதவால் வெளியே போனான். ஆட்டக்காரியை நான் முழுவதுமாக வெட்டியிருந்ததால், அடுத்த நொடியே தாடியும் கந்தலுமாக அதே கதவால் உள்ளே வந்தான். டவுன் இளவட்டங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எங்கள் ஊரார் அதைப் பொருட்படுத்தவில்லை. அம்மன் ஒரு வார்த்தையும் கேட்காமல் குனிந்து காற்சிலம்பைக் கழற்றி அவன் கையில் கொடுத்தாள். அந்த இடத்தில் மட்டும் மாமாவின் தலை ஆடவில்லை, கீழே குனிந்திருந்தது. ஏட்டோடு ஒத்துப் பார்க்கிறார் போலும் என்று நினைத்துக்கொண்டேன். அம்மன் ராசாவிடம் நியாயம் கேட்டபோது மறுபடியும் பலமாக ஆடியது. நான் கலியாணத்துக்கு யார் யாரைக் கூப்பிடுவது என்று கணக்குப் போட ஆரம்பித்தேன்.

கடைசிச் சுருள். அம்மன் கூந்தல் விரிந்து நிற்கிறாள். நகரம் எரிகிறது. மாளிகைகள் எரிகின்றன, ஆட்கள் ஓடுகிறார்கள், அம்மனின் கண் இரண்டும் துணி நிறைய. அத்தோடு சுருள் முடிந்து வால் படபடவென்று அடித்தது. விமானம் என் பின்னால் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. விளக்கைப் போட்டுவிட்டு, சட்டையைச் சரிசெய்துகொண்டு, மாப்பிள்ளை நடையோடு கீழே இறங்கி வந்தேன்.

டவுன் ஆட்கள் எழுந்து போய்விட்டார்கள். எங்கள் ஊரார் ஒருவரும் எழும்பவில்லை. வெறும் வெள்ளைத் துணியைப் பார்த்தபடி அப்படியே இருந்தார்கள். சில பெண்கள் பிள்ளைகளின் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். மச்சாள் வாயைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தபோதுதான் நாங்கள் இருவரும் செய்த காரியம் எனக்கு உறைத்தது.

எங்கள் கோயிலில் நகரம் எரிவதோடு காவியம் முடிவதில்லை. எரித்த அம்மன் கோபத்தோடு நிற்பாள். அவளை அப்படியே விட்டுவிட்டு யாரும் வீட்டுக்குப் போகமுடியாது. போனால் அந்தச் சூடு கூடவே வரும், அம்மாள் வருத்தம் கண்டு பிள்ளைகளின் உடம்பெல்லாம் கொப்பளிக்கும். அதனால் பானையில் தண்ணீர் நிறைத்து வேப்பிலையும் பூவும் இட்டு, குளிர்த்திப் பாட்டுப் பாடி அவளைக் குளிர்விக்கவேண்டும். இது செட்டிபாளையத்தில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். படமெடுத்தவர்களுக்குத் தெரியவில்லை, ஆனாலும் அவர்கள் தங்களுக்குத் தெரிந்த விதத்தில் அம்மனைச் சிரிக்கவைத்துத்தான் அனுப்பியிருந்தார்கள். அந்தச் சிரிப்பை வெட்டியவர்கள் நாங்கள். எங்களுக்கு ஏன் ஞாபகம் வரவில்லை? உண்மையைச் சொல்கிறேனே. ஏழெட்டு வருடமாக, குளிர்த்தி பாடும் வேளையில் நாங்கள் இருவரும் கோயிலுக்குள் இருந்ததில்லை. ஊர் முழுவதும் உள்ளே கண்மூடி நிற்கும் அந்த நேரம்தான் வெளியே வளையல் கடைப் பக்கத்தில் கதைப்பதற்கு வசதி.

வண்ணக்கர் எழும்பாமலே சொன்னார்.

"அம்மனச் சூடாக்கிப் போட்டு விளக்கப் போட்டுட்டான். குளுத்தாம ஒருத்தரும் தோணி ஏறப்படாது."

அடுத்த ஆட்டத்துக்குச் சனம் வெளியே முட்டி மோதிக்கொண்டிருந்தது. முதலாளி ஓடிவந்து, இவர்கள் ஏன் போகவில்லை என்று கேட்டார். நான் விளக்கினேன். அவர் என்னையும் எங்கள் ஊரையும் சேர்த்து ஏசினார். ஏசி முடிந்ததும் குரலைத் தாழ்த்தி, அம்மாள் வருத்தம் டவுனுக்கும் வருமா என்று கேட்டார். சூடு கிளம்பிய இடம் இதுதானே, வராமல் எப்படி என்று பயமில்லாமல் ஒரு பொய் சொன்னேன். அவர் வாயை மூடிக்கொண்டு பானைக்கு ஆளனுப்பினார். கொட்டகை வாசலில் தேநீர்க் கடை வைத்திருந்த காத்தான்குடி முஸ்லிம் பெரியவர், நாங்கள் காக்கா என்று கூப்பிடுகிறவர், விஷயத்தைக் கேள்விப்பட்டு, விற்க வைத்திருந்த இளநீர்க் குலையை அப்படியே தோளில் தூக்கிவந்து இறக்கினார். சூடு என்றால் சூடுதான், யாருக்கு வந்தால் என்ன என்றார்.

மாமா சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்தார். பானை வந்தது, வேப்பிலை ஏற்கனவே இருந்தது. வெள்ளைத் துணிக்கு முன்னால் பானையை வைத்துவிட்டு மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். வெறும் துணிக்கா பாடுவது என்பது அந்தப் பார்வை. நான் மேலே ஓடிப்போய்ப் படமில்லாமல் வெறும் வெளிச்சத்தை மட்டும் துணிமேல் விழவிட்டேன். மாமா பாடத் தொடங்கினார். வேப்பிலையால் அள்ளி அள்ளித் தெளித்தார். பெண்கள் கூடப் பாடினார்கள். இளநீரை ஒவ்வொன்றாக வெட்டி வெட்டித் துணியின் அடியில் ஊற்றினார்கள். வெளியே நின்ற சனம் மெல்ல மெல்ல உள்ளே வந்து கைகட்டி நின்றது, அடுத்த ஆட்டம் தொடங்கிவிட்டதென்று நினைத்தவர்களும் அதில் உண்டு. துணி நனைந்து நடுவில் தொய்ந்தது. மாமாவின் நிழல் அதில் பெரிதாக விழுந்து, கையை உயர்த்தும்போதெல்லாம் கூரை வரை போய் வந்தது. எங்கள் கொட்டகையில் அதைவிட நல்ல படம் அதற்கு முன்னும் பின்னும் ஓடவில்லை. அன்று நானும் சின்ன வயதுக்குப் பிறகு முதல்முறையாகக் குளிர்த்தியை முழுதாகக் கேட்டேன். இவ்வளவு இதமான பாட்டை விட்டுவிட்டா வளையல் பார்த்தோம் என்று வெட்கமாக இருந்தது.

முடிந்ததும் எல்லோருக்கும் கலகலப்பு வந்துவிட்டது. பிள்ளைகள் கதிரைகளில் ஏறிக் குதித்தார்கள். வண்ணக்கர் காக்காவின் கடையில் சோடா குடித்து ஏப்பம் விட்டார். மாமா மட்டும் நேரே படி ஏறி என் அறைக்கு வந்தார். பின்னாலேயே மாமி, அவருக்குப் பின்னால் மச்சாள். அந்த அறைக்குள் நாலு பேர் நிற்பதென்றால் ஒருவர் மூச்சு விடும்போது மற்றவர் இழுக்கவேண்டும்.

ஆணியில் தொங்கிய துண்டுகளை மாமா பார்த்தார். ஒன்றை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் பிடித்தார். விமானம். அம்மன் சிரித்துக்கொண்டிருந்தாள். அடுத்த கட்டத்திலும் சிரித்தாள், அதற்கடுத்த கட்டத்திலும் சிரித்தாள். மாமா துண்டை நழுவவிட்டு நழுவவிட்டு ஒரு முழம் பார்த்தார். நான் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். மாமரம் எங்கிருந்து வந்தது என்பது உட்பட. மச்சாளின் பங்கை மட்டும் சொல்லவில்லை, அவளே முந்திக்கொண்டு சொல்லிவிட்டாள்.

"ஆர் உனக்கு வெட்டச் சொன்ன?" என்று மாமா என்னிடம் கேட்டார். "அம்மன்ட கதைய உனக்குச் சரியெண்டு பட்ட மாதிரி வெட்டுறதுக்கு நீ ஆரு? இந்தக் கலியாணம் நடக்காது."

மச்சாள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அப்போது மாமி பேசினார். மாமி அதிகம் பேசாதவர். மாமா கதைத்துக்கொண்டிருக்கும்போது குறுக்கே ஒரு சொல் சொல்லி நான் கேட்டதே இல்லை.

"அவன் ஒரு நாளைக்கு வெட்டினான். நீங்க முப்பது வருசமா வெட்டுறீங்க."

மாமா திரும்பினார்.

"ஊருக்கு ஏடு உடைஞ்சி போச்செண்டு சொல்லி வெச்சிரிக்கீங்க. வருசா வருசம் ஏட்டத் துடைச்சி எண்ணெ பூசுறவள் நான். எனக்கு வாசிக்கத் தெரியா. உடைஞ்ச ஓலையும் உடையாத ஓலையும் தெரியும். ஒண்டும் உடையல்ல."

என்ன விஷயமென்று எனக்கும் மச்சாளுக்கும் விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. கெட்டுத் திரும்பிய புருஷனிடம் அம்மன் ஒரு சொல் கேளாமல் சிலம்பைக் கொடுக்கும் இடத்தை மாமா கோயிலில் படிப்பதில்லை. அங்கே பன்னிரண்டு பாட்டு ஏடு உடைந்துவிட்டது என்று சொல்லி அடுத்த பாட்டுக்குத் தாவிவிடுவார். போனான், வந்தான், இருவரும் நடந்தார்கள் என்றுதான் ஊர் கேட்டுப் பழகியிருந்தது. கதவால் போனவன் மறுநொடியே கதவால் வந்ததை எங்கள் ஆட்கள் பொருட்படுத்தாததும் அதனால்தான். காரணத்தை அன்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அம்மாவிடம் கேட்டுப் பின்னால் தெரிந்துகொண்டேன். கலியாணமான மறுவருடம் மாமா ஒரு கூத்துக் கூட்டத்தோடு, அதில் இருந்த ஒருத்திக்காக, கதிரவெளிப் பக்கம் போய்விட்டார். ஒன்றரை வருடம் கழித்துக் கந்தல் வேட்டியோடு வந்து வளவு வாசலில் நின்றார். மாமி ஒன்றும் கேட்கவில்லை. சோற்றைப் போட்டார். அந்தப் போகத்து விதைநெல்லுக்குக் கையில் கிடந்த காப்பைக் கழற்றிக் கொடுத்தார். அடுத்த வைகாசியில்தான் மாமா முதன்முதலாக ஏடு படிக்க உட்கார்ந்தது.

மாமா படப்பெட்டித் தகரத்தின் மேல் உட்கார்ந்தார். மாமி அவரைப் பார்க்காமல் ஆணியில் தொங்கிய துண்டுகளைக் கையால் நீவிவிட்டார். வெளியே முதலாளி நேரமாகிவிட்டதென்று கத்திக்கொண்டிருந்தார். மாமா கையிலிருந்த துண்டை என்னிடம் நீட்டினார்.

"ஒட்டு. எல்லாத்தையும் ஒட்டு. அந்த ஆட்டக்காரியையும் ஒட்டு."

நான் அவசர அவசரமாக ஒட்டி முடித்த ஒரு நாழிகைக்குப் பிறகு, மாமா தோணியில் கால் வைத்துக்கொண்டு, சித்திரையில் நல்ல நாள் இருப்பதாக என் அம்மாவிடம் சொல்லச் சொன்னார். நான் கொட்டகைக்கு ஓடிவந்து, ஈரத் துணியில், குண்டனும் ஒல்லிச்சியும் விமானமும் எல்லாமாக முழுப் படத்தையும் ஓட்டினேன். இரண்டு சுருளை முன்பின்னாக மாற்றிப் போட்டேன்; கொட்டகையே கூக்காட்டியது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

சித்திரையில் கலியாணம் முடிந்தது. வைகாசியில் கோயில் கதவு திறந்தது. நாலாம் நாள் மாலை மாமா அந்த இடத்துக்கு வந்தார். ஆண்கள் பக்கமும் பெண்கள் பக்கமும் சேரும் ஓரத்தில் நானும் என் பெண்சாதியும் அடுத்தடுத்து இருந்தோம். அவர் ஓலையைப் புரட்டி, செருமி, புருஷன் வாசலில் வந்து நிற்கும் பாட்டைப் படித்தார். அடுத்ததையும் படித்தார். அம்மன் சிலம்பைக் கழற்றக் குனியும் பாட்டில் சனத்துக்குள் சலசலப்பு வந்தது. வண்ணக்கர் கையை உயர்த்திப் படிப்பை நிறுத்தினார்.

"இது அண்டைக்குப் படத்தில வந்த. எங்கட ஏட்டில இல்ல, அந்த ஓலை எப்பவோ உடைஞ்சி போச்சி. படத்தப் பாத்துப்போட்டுக் கோயிலுக்குள்ள கொண்டு வரப்படாது."

சனம் ஆமாம் என்றது. எனக்குக் கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. எழுந்து நாலு வார்த்தை சொல்லப் போனவனை என் பெண்சாதி வேட்டியைப் பிடித்து இருத்தினாள். மாமா ஏட்டைக் கட்டோடு எடுத்து வண்ணக்கரின் கையில் கொடுத்தார். வண்ணக்கர் அதை விளக்குக்குக் கிட்டப் பிடித்து, உதட்டை அசைத்து அசைத்து, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினார். ஒரு ஓலையைத் திருப்பினார். இன்னொன்றைத் திருப்பினார். பிறகு ஏட்டை மாமாவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டுக் கை கட்டிக்கொண்டார்.

மாமா மறுபடியும் முதல் பாட்டிலிருந்து தொடங்கினார். பன்னிரண்டையும் படித்தார். இரண்டு இடத்தில் குரல் உடைந்தது. நிறுத்திக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, விட்ட சொல்லிலிருந்து திரும்பப் படித்தார். நானும் அழுதேன், மறைக்கவில்லை. பெண்கள் பக்கத்தில் இருந்த மாமி நிமிர்ந்து நேரே மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டு முடிந்ததும் பக்கத்தில் இருந்தவளிடம், "நல்லாப் படிக்கிறார்" என்றார். அத்தனை வருடத்தில் மாமாவின் படிப்பைப் பற்றி அவர் சொன்ன முதல் வார்த்தை அது.